ஆலை இருந்தவரை பயிர் இருந்தது: அயர்லாந்தின் சீனி பீட்

கடையில் நிறுத்து வாங்கும் வெள்ளைச் சீனி கரும்பிலிருந்து வந்ததா, கிழங்கிலிருந்து வந்ததா என்று கண்ணால் பார்த்தோ நாவால் சுவைத்தோ சொல்லிவிட முடியாது. உலகில் உற்பத்தியாகும் சீனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிழங்கிலிருந்தே வருகிறது. அந்தக் கிழங்கின் பெயர் சீனி பீட். நாம் கறிக்கு வாங்கும் பீட்ரூட்டின் நெருங்கிய உறவு அது. சதை வெள்ளை, உருவம் பருத்த முள்ளங்கி போன்றது, நிறையில் நூற்றுக்குப் பதினாறு பதினேழு வீதம் சீனி. கரும்பு வளராத குளிர் நாடுகளில் சீனி என்றாலே இதுதான்.

இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்வது அயர்லாந்தின் கதை. அந்நாட்டில் இப்பயிர் 1926ஆம் ஆண்டில் ஆலையோடு ஆரம்பமாகி, எண்பது ஆண்டுகள் நின்று, 2006இல் முற்றாக நின்றுபோயிற்று. வறட்சியால் அல்ல, நோயால் அல்ல, போராலும் அல்ல. மண் நல்ல மண்ணாகவே இருந்தது. கடைசிப் போகத்திலும் விளைச்சலுக்குக் குறைவில்லை. ஏறத்தாழ 3,700 கமக்காரர் 31,000 ஹெக்டேயரில் பயிர் செய்து, நாட்டுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு இலட்சம் தொன் அளவில் சீனி கிடைக்கச் செய்தனர். அடுத்த ஆண்டு ஒரு தொன் கூட இல்லை.

இதை எமது வாசகர்களுக்கு ஏன் சொல்கிறோம்? இடம்பெயர்ந்து, குத்தகைக் காணியிலோ மீளக் கிடைத்த காணியிலோ மறுபடியும் கமம் தொடங்கும் குடும்பங்களிடம் ஒப்பந்தப் பயிரோடு கம்பனிகள் வருவதுண்டு. விதை தருவோம், பசளை தருவோம், விளைவதை நாமே எடுப்போம் என்பார்கள். அந்தப் பேச்சில் பொய் இருக்கவேண்டும் என்றில்லை. அயர்லாந்திலும் அது பல ஆண்டுகள் உண்மையாகவே இருந்தது. அப்படிப்பட்ட ஒரு பயிரின் ஆரம்பத்தையும் முடிவையும் ஒருசேரப் பார்க்கக் கிடைப்பது அரிது.

கிழங்கும் ஆலையும்

முதலில் பயிரின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விதைப்பார்கள். செப்டெம்பர் கடைசியில் கிளப்பத் தொடங்கினால் டிசெம்பர், ஜனவரி வரை வேலை நீளும். முற்காலத்து விதையில் ஒரு கொத்தில் பல முளைகள் வரும். ஒன்றை விட்டு மற்றவற்றைக் கையால் கலைத்துவிட வேண்டும். முழங்காலில் சாக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, நீண்ட வரிசைகளில் குடும்பத்தோடு ஊர்ந்து செய்த வேலை அது. அறுவடை அதைவிடக் கொடுமை. குளிர்காலச் சேற்றில் கிழங்கைக் கிளப்பி, மண்ணைத் தட்டி, கத்தியால் தலையை வெட்டி எறிய வேண்டும். ஒரு முளை மட்டும் தரும் விதை 1960களில் பரவியதும், அறுவடை இயந்திரங்கள் வந்ததும் இந்தப் பாடு குறைந்தது.

கிளப்பிய கிழங்கைக் குவித்து வைக்கலாம், ஆனால் நெடுநாள் வைக்க முடியாது. நாள் செல்லச் செல்ல அதிலுள்ள சீனி குறையும். ஒரு தொன் சீனிக்கு ஏறத்தாழ ஏழு தொன் கிழங்கு வேண்டும். இவ்வளவு நிறையைத் தூரம் கொண்டுபோனால் கூலியே விலையைத் தின்றுவிடும். ஆகவே ஆலை அருகில் இருக்கவேண்டும். ஆலைக்குள் நடப்பதும் சிறு வேலையல்ல. கிழங்கைக் கழுவிச் சீவலாகச் சீவி, சூடான நீரில் ஊறவைத்துச் சாற்றை எடுத்து, சுண்ணாம்பால் தெளிவித்து, வற்றக் காய்ச்சி, சீனியைப் படிய வைக்கவேண்டும். வருடத்தில் மூன்று நான்கு மாதங்களே ஆலை ஓடும். அந்த மாதங்களில் இரவு பகலாக ஓடும்.

நெல்லை விற்காவிட்டால் குத்திச் சாப்பிடலாம். பதநீரை வீட்டு முற்றத்திலேயே காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம். மரவள்ளியை ஒரு கம்பனி வாங்காவிட்டால் சந்தையில் இறக்கலாம். அயர்லாந்தில் பீட்டை அப்படி வீட்டில் காய்ச்சும் வழக்கம் இருந்ததில்லை. ஆலை எடுக்காவிட்டால் மாட்டுக்குப் போடலாம், அவ்வளவுதான். இந்தப் பயிரைச் செய்பவனுக்கு வாங்குவோன் ஒருவனே. பின்னால் வரும் யாவும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

நான்கு ஆலைகள் எழுந்த காலம்

பீட்டில் சீனி உண்டு என்பதை 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற இரசாயனவியலாளர் கண்டறிந்தார். நெப்போலியன் காலத்தில் பிரித்தானியக் கடற்படை கரும்புச் சீனியைத் தடுத்தபோது, 1811இல் பிரான்ஸ் இப்பயிரை அரசகட்டளை மூலம் பரப்பியது. அயர்லாந்திலும் 1850களில் மவுண்ட்மெலிக் என்ற ஊரில் ஓர் ஆலை முயன்று தோற்றது. நாடு 1922இல் தன் ஆட்சியைப் பெற்றதும் முயற்சி மீண்டும் எழுந்தது. 1926இல் பெல்ஜியக் கம்பனி ஒன்று அரசாங்க மானியத்துடன் கார்லோ நகரில் ஆலை அமைத்தது.

1932இல் டி வலெராவின் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரித்தானியாவுடன் வர்த்தகப் பிணக்கு மூண்டிருந்த ஆண்டுகள் அவை. நாட்டுக்கு வேண்டியதை நாட்டிலேயே செய்வது என்பது கொள்கையாயிற்று. 1933இல் சட்டமொன்று நிறைவேறி, அரசின் ஐரிஷ் சீனிக் கம்பனி உருவானது. அது கார்லோ ஆலையைப் பொறுப்பேற்று, 1934இல் மல்லோ, தேர்ள்ஸ், டுவாம் ஆகிய மூன்று ஊர்களிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. மேற்கே உள்ள டுவாம் பகுதி வறிய பகுதி. காணிகள் சிறியவை, மண்ணும் அவ்வளவு இசைவானதல்ல. கணக்குப் பார்த்தால் அங்கே ஆலை வந்திருக்காது. வேலையும் பணப்பயிரும் அப்பகுதிக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே வந்தது. அந்தத் தீர்மானத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் கணக்குப் பாராமல் வந்த ஆலை, கணக்குப் பார்க்கும் காலம் வந்ததும் முதலில் மூடப்படும் என்பதையும் பின்னால் காண்போம்.

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. கப்பல்கள் வருவது அரிதாயிற்று. சீனிக்குப் பங்கீடு இருந்தது, ஆயினும் சீனி இருந்தது. உள்நாட்டில் பீட் இல்லாதிருந்தால் பங்கிடுவதற்கே ஒன்றும் இருந்திராது. அட்டைக்குச் சாமான் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை.

போருக்குப் பின் 1945 தொடக்கம் 1966 வரை கம்பனியை நடத்தியவர் மைக்கேல் கொஸ்ரெல்லோ. இராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். அவருடைய காலத்தில் கம்பனி ஆலையோடு நிற்காமல் வயலுக்கு இறங்கியது. மண் பரிசோதனை செய்வித்தது, புளிப்பேறிய மண்ணுக்குச் சுண்ணாம்பு இட ஊக்கியது, அறுவடை இயந்திரங்களையும் தானே செய்வித்தது. 1958இல் மரக்கறியை உலர்த்திப் பொதிசெய்யும் துணைத் தொழிலையும் தொடங்கியது. கமக்காரருக்கு ஒரே பயிரில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலை மாறவேண்டும் என்பது அதன் நோக்கம். அந்தத் துணைத்தொழில் எதிர்பார்த்த அளவு தழைக்கவில்லை. கொஸ்ரெல்லோ 1966இல் விலகினார்.

ஒப்பந்தம் நடந்த முறை எம்மவருக்குப் பழக்கமானதே. எத்தனை ஏக்கர் என்று வருட ஆரம்பத்தில் கையெழுத்து, விதையும் பசளையும் கம்பனி மூலம், அறுவடை முடிந்து காசோலை வரும்போது அவற்றின் விலை கழிக்கப்படும். பீட் காசு கையில் வந்தால் வீட்டுக் கடன் தீரும். கிழங்கின் இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும். சாறு எடுத்த சக்கை கால்நடைத் தீவனமாக ஆலையிலிருந்து திரும்பி வரும். பீட் நின்ற நிலத்தில் அடுத்து விதைத்த பார்லி நன்றாக விளையும், ஏனெனில் தானியத்தின்மேல் தானியம் விதைத்தால் பெருகும் வேர்நோய்கள் இடையில் வந்த கிழங்கினால் அடங்கின. ஆகவே பீட்டின் இலாபத்தைக் காசோலையில் மட்டும் எண்ணியவர் பாதியையே எண்ணினார்.

சச்சரவும் இல்லாமல் இல்லை. ஆலை வாசலில் லொறியை நிறுத்து, சுமையிலிருந்து மாதிரி எடுப்பார்கள். அதைக் கழுவி, தலையைச் சீர்செய்தபின் குறைகின்ற நிறையை மண் கழிவாகக் கணக்கிடுவார்கள். பிறகு சீனி எத்தனை வீதம் என்று பார்ப்பார்கள். விலை இந்த இரண்டு எண்களில் தங்கியிருந்தது. எண்ணைச் சொல்வது ஆலை. கமக்காரர் சங்கம் போராடிப் பெற்ற உரிமைகளில் பயனுள்ளது எதுவென்று எம்மைக் கேட்டால், இந்த மாதிரி பார்க்கும் இடத்தில் தம்முடைய ஆளையும் நிறுத்தும் உரிமையையே சொல்வோம்.

கோட்டா யாருடையது

1973இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. சமூகத்தின் சீனித் திட்டத்தில் உறுதிவிலை உண்டு, இறக்குமதிக்கு உயர்ந்த தீர்வை உண்டு, ஒவ்வொரு நாடும் எவ்வளவு செய்யலாம் என்ற கோட்டாவும் உண்டு. அயர்லாந்தின் கோட்டா கடைசிக் காலத்தில் 199,260 தொன்.

உலகச் சந்தையைவிட இரண்டு மூன்று மடங்கு விலை கிடைத்த காலங்கள் அவை. ஆகவே எவரும் ஒரு சிறு விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டா நாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. நாடு அதைச் சீனி செய்யும் கம்பனிக்கு ஒதுக்கியது. பயிர் செய்பவர் கையில் கோட்டா இல்லை, கம்பனியோடு செய்த ஒப்பந்தம் மட்டுமே இருந்தது. கம்பனி அரசாங்கத்தின் கம்பனியாக இருந்தவரை இதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஆலைகள் குறையத் தொடங்கின. 1980களின் நடுப்பகுதியில் டுவாம் மூடப்பட்டது. 1989இல் தேர்ள்ஸ். எஞ்சியவை கார்லோவும் மல்லோவும். நாட்டின் மொத்தச் சீனி குறையவில்லை, ஏனெனில் கோட்டா அப்படியே இருந்தது, இரண்டு ஆலைகள் கூடுதலாக அரைத்தன. ஆனால் மேற்கில் பீட் அருகியது. புள்ளிவிவரம் பார்ப்பவருக்கு நாட்டின் உற்பத்தி ஒரே மட்டத்தில் நிற்பதாகத் தோன்றும். ஆலையில்லாத ஊரில் இருப்பவருக்கு அது ஏற்கனவே முடிந்துவிட்ட பயிர். ஒரு காலத்தில் பல்லாயிரமாக இருந்த பயிர்செய்வோர் தொகை சில ஆயிரமாகச் சுருங்கியதும் இப்படித்தான். சிறியவர் விட்டார், பெரியவர் எடுத்தார். கடைசியில் 3,700 பேருக்கும் சராசரி எட்டு ஹெக்டேயர், அதாவது இருபது ஏக்கர்.

1991இல் அரசாங்கம் கம்பனியைத் தனியாருக்கு விற்றது. புதிய பெயர் கிரீன்கோர். பங்குச் சந்தையில் உள்ள கம்பனி என்பதால் பங்குதாரருக்குப் பதில் சொல்வதே அதன் கடமை. விவசாய அமைச்சரின் கையில் விசேட பங்கு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சீனித் தொழிலைப் பிறருக்கு விற்பதை அது தடுக்கும். மூடுவதைத் தடுக்கும் வல்லமை அதற்கு இருக்கவில்லை. பூட்டு ஒரு கதவுக்குத்தான் போடப்பட்டிருந்தது.

இங்கே வியப்பான ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இதே அயர்லாந்தில், இதே கமக்காரரின் பாட்டன்மார், 1889 முதல் பாலுக்கெனக் கூட்டுறவு வெண்ணெய்ச் சாலைகளை அமைத்தவர்கள். பால் எடுக்கும் ஆலை பால் கறப்பவனுக்குச் சொந்தம் என்பது அந்நாட்டில் ஊறிய வழக்கம். பீட் ஆலையை மட்டும் அரசாங்கம் கட்டித் தந்தது, அது அரசாங்கத்தின் கையிலேயே இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

விலை வீழ்ந்த விதம்

ஐரோப்பிய விவசாயிக்கு உயர்ந்த விலை கொடுத்து, மிஞ்சிய சீனியை மானியத்தோடு உலகச் சந்தையில் கொட்டுவது நெடுங்காலம் நடந்தது. இதனால் வறிய நாடுகளின் கரும்புக்காரர் விலையிழந்தனர். ஒக்ஸ்பாம் போன்ற அமைப்புகள் 2002 முதல் இதைக் கண்டித்து வந்தன. பிரேசில், அவுஸ்திரேலியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்கிட்டன. 2005 ஏப்ரலில் மேன்முறையீட்டிலும் ஐரோப்பா தோற்றது. ஆகவே அயர்லாந்துக் கமக்காரரின் பக்கமே முழு நியாயமும் இருந்தது என்று நாம் எழுதமாட்டோம். அவர் பெற்ற விலையில் ஒரு பகுதியை உலகின் வேறெங்கோ இருந்த ஏழைக் கமக்காரர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் சீர்திருத்தமும் ஏழைகள் யாவருக்கும் நன்மை தரவில்லை. ஐரோப்பாவின் உயர்விலையில் விற்க உரிமை பெற்றிருந்த முன்னாள் காலனி நாடுகளுக்கும் அது வீழ்ந்தது. நூற்றாண்டுக் கணக்கில் கரும்பையே நம்பியிருந்த சென்ற் கிற்ஸ் தீவு 2005இல் சீனித் தொழிலையே கைவிட்டது.

2005 நவம்பரில் ஐரோப்பிய விவசாய அமைச்சர்கள் உடன்பட்டார்கள். வெள்ளைச் சீனியின் ஆதார விலை தொன்னுக்கு 631.9 யூரோவிலிருந்து நான்கு ஆண்டுகளில் 404.4 யூரோவாக, அதாவது 36 வீதம் இறங்கும். கிழங்கின் குறைந்தபட்ச விலை தொன்னுக்கு ஏறத்தாழ 43.6 யூரோவிலிருந்து 26.3 யூரோவாகும். விவசாயிக்கு இந்த இழப்பின் ஏறத்தாழ 64 வீதம் நேரடிக் கொடுப்பனவாக ஈடுசெய்யப்படும்.

இத்துடன் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எமது பார்வையில் முடிவைத் தீர்மானித்தது இதுதான். தன் கோட்டாவைக் கைவிடும் கம்பனிக்குத் தொன்னுக்கு 730 யூரோ உதவித்தொகை. முதல் இரண்டு ஆண்டுகளில் விட்டால் இத்தொகை. மூன்றாம் ஆண்டில் 625, நான்காம் ஆண்டில் 520. சீக்கிரம் விடுபவருக்கு அதிகம். ஆலையை முற்றாகக் கழற்றி அகற்றினால் முழுத்தொகை. கட்டடத்தையும் பொறிகளில் ஒரு பகுதியையும் வேறு தொழிலுக்கு வைத்துக்கொண்டால் 75 வீதம் மட்டும். பணத்தைத் தொடர்ந்து சீனி செய்யும் கம்பனிகளிடம் அறவிட்டு, விடுபவருக்குக் கொடுத்தார்கள்.

அயர்லாந்தின் கோட்டாவை 730ஆல் பெருக்கினால் 145 மில்லியன் யூரோவுக்கு மேல் வருகிறது. அதில் குறைந்தது பத்து வீதம் பயிர்செய்தோருக்கும் இயந்திரக் குத்தகைக்காரருக்கும் போகவேண்டும் என்பதே ஐரோப்பிய விதி. பத்து வீதத்துக்கு மேல் எவ்வளவு என்பதைப் பற்றி வாதாடி, விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. பெரும்பகுதி கம்பனிக்கே சென்றது.

நடந்த வரிசையைப் பாருங்கள். 2005 ஜனவரியில், சீர்திருத்தம் முடிவாவதற்கு முன்பே, கார்லோ ஆலையை மூடப்போவதாகக் கம்பனி அறிவித்தது. மல்லோ ஒன்றிலேயே வேலையைக் குவித்தால்தான் தொழில் பிழைக்கும் என்று சொல்லப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் கார்லோ நின்றது. வெக்ஸ்ஃபோர்ட், கார்லோ பக்கத்துக் கிழங்கெல்லாம் நூறு கிலோமீற்றருக்கும் மேல் தாண்டி மல்லோவுக்குப் போகவேண்டியதாயிற்று. வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்து வெலிங்டன்பிரிஜ் நிலையத்திலிருந்து பீட் புகையிரதங்கள் ஓடின. கமக்காரர் பொறுத்துக்கொண்டார்கள். ஓர் ஆலையாவது இருக்கிறது என்பது எண்ணம். 2006 மார்ச்சில் சீனித் தொழிலையே விட்டுவிடுவதாகக் கம்பனி அறிவித்தது. வசந்த விதைப்புக்கு உழுது பண்படுத்தும் மாதம் அது. மே மாதத்தில் மல்லோ மூடப்பட்டது.

கமக்காரரில் ஒரு பகுதியினர், புதிய விலையிலும் பயிர் செய்ய ஆயத்தமாயிருந்தனர். விளைச்சல் நல்லது, வண்டி வாகனம் உண்டு, பழக்கம் உண்டு. ஆனால் அவர்களுடைய விருப்பம் கேட்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. கோட்டா கம்பனியுடையது, ஆலை கம்பனியுடையது. மேரி கொக்லன் அப்போது விவசாய அமைச்சர். பிரஸல்சில் அவர் பேரம்பேசியது ஈட்டுத்தொகையைக் கூட்டுவதற்கு. ஆலையை நிறுத்திவைக்கும் சாவி அவரிடமும் இல்லை.

அயர்லாந்து மட்டுமல்ல. லாத்வியா, ஸ்லொவேனியா, பல்கேரியா ஆகிய நாடுகளும் கோட்டாவை முழுதாகக் கைவிட்டன. பீட் சீனி செய்த நாடுகள் 23இலிருந்து 18 ஆயின. ஐரோப்பியக் கணக்காய்வு மன்றம் 2010இல் இச்சீர்திருத்தத்தை ஆராய்ந்தபோது, எந்த உற்பத்தியாளர் திறமையுள்ளவர், எவர் இல்லை என்பதைக் காட்டும் புதிய தரவுகளை ஆணைக்குழு போதியளவு பார்க்கவில்லை என்று குறைகூறியது. அச்செய்தி அயர்லாந்தில் கோபத்தைக் கிளப்பியது. ஆனால் அப்போது மல்லோவில் ஆலை இல்லை. முழுத்தொகை பெறுவதற்காக அது கழற்றப்பட்டாயிற்று.

விட்டுப்போனவை

ஈட்டுப்பணம் கிடைத்தவர் காணிக்காரர். கொடுப்பனவு கைக்கு வந்தாலும் வயலில் என்ன விதைப்பது என்ற கேள்வி நின்றது. பார்லிக்கும் கோதுமைக்கும் போனவர் உண்டு. அவரை, எண்ணெய்க் கடுகு, உருளைக்கிழங்கு, சோளம் என்று போனவரும் பாலுக்கு மாறியவரும் உண்டு. வருடா வருடம் தானியமே விதைத்த நிலத்தில் மண்ணும் விளைச்சலும் தளர்ந்தன என்று அனுபவசாலிகள் சொல்வது இயல்பே. இடைப்பயிர் போனால் அப்படித்தான் நடக்கும்.

அறுவடை இயந்திரத்துக்குக் கடன்பட்ட குத்தகைக்காரர், லொறிக்காரர், பருவகாலத் தொழிலாளர் ஆகியோரின் நிலை வேறு. பல இலட்சம் பெறும் பீட் இயந்திரம் பீட் இல்லாத நாட்டில் பழைய இரும்பு. வெலிங்டன்பிரிஜ் நிலையத்தில் கடைசிப் பீட் வண்டி 2006 ஜனவரியில் ஓடியது. அப்பாதைக்கு வருமானம் தந்த சுமை அதோடு போயிற்று. 2010 செப்டெம்பரில் வோட்டர்ஃபோர்டுக்கும் ரொஸ்லேயருக்கும் இடையிலான அந்தப் பயணிகள் சேவையும் நிறுத்தப்பட்டது. கிழங்கு பயிரிடாத, ஆலையைக் கண்ணாலும் காணாத ஒரு மூதாட்டி பட்டணத்துக்குப் போக வண்டியில்லாமல் நின்றிருந்தால், அதற்கும் இக்கதைக்கும் தொடர்புண்டு.

கடைகளில் பழைய சீனிப் பெயர் மட்டும் தொடர்ந்தது. அந்தப் பொதியின் பெயர் பின்னர் ஜெர்மன் கம்பனி ஒன்றின் கைக்குப் போயிற்று. பொதியின் உள்ளே இருப்பது வெளிநாட்டுச் சீனி.

அமெரிக்காவில் நடந்ததை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களின் பீட் கமக்காரர் 1973இல் தாம் கிழங்கு கொடுத்து வந்த அமெரிக்கன் கிறிஸ்டல் கம்பனியைத் தாமே கடன்பட்டு வாங்கினார்கள். பங்கு வைத்திருப்பவருக்கு அத்தனை ஏக்கரில் பயிரிடும் உரிமையும் கடமையும் உண்டு. 2002இல் மிச்சிகனிலும் மேற்கு மாநிலங்களிலும் அவ்வாறே ஆலைகள் கைமாறின. இன்று அங்குள்ள பீட் ஆலைகள் ஏறத்தாழ எல்லாம் விவசாயிகளின் கூட்டுறவுகளுக்குச் சொந்தம். இதை மந்திரம் என்று எண்ணிவிடவும் கூடாது. கலிபோர்னியாவில் எஞ்சியிருந்த ஒரே பீட் ஆலையை மூடுவதாக 2025இல் அறிவித்ததும் ஒரு கூட்டுறவுதான். ஆனால் அதன் தலைமையிடம் மினசோட்டாவில், பல நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. ஆலை எந்த விவசாயியினுடையது என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எம்மவர் சங்கங்களில் கேட்கக்கூடிய சிலவற்றை இக்கதை எமக்குத் தருகிறது. வாங்குவோர் ஒருவரா, பலரா? அவர் வாங்காவிட்டால் விளைந்ததை உண்ணலாமா, உலர்த்தலாமா, வேறிடத்தில் விற்கலாமா? நிறுவையையும் கழிவையும் பார்க்க எமது ஆள் நிற்கலாமா? ஆலை நின்றால் எமக்கு எத்தனை மாதம் முன்னறிவித்தல்? காணியில் எத்தனை பங்கை இதற்கு விடுகிறோம்? 1993இல் மூடப்பட்ட கந்தளாய்ச் சீனி ஆலையைச் சுற்றிக் கரும்பு செய்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.

மீண்டும் தொடங்கலாமா

ஐரோப்பாவின் சீனிக் கோட்டா 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு முற்றாக நீக்கப்பட்டது. அதன்பின் எந்த நாட்டவரும் எவ்வளவு சீனியும் செய்யலாம். அதை எதிர்பார்த்தே அயர்லாந்தில் கமக்காரர் சிலர் முன்கூட்டிக் குழுக்களாகச் சேர்ந்து, புதிய ஆலைக்கான திட்டங்களை வரைந்தனர். இம்முறை ஆலை பயிர்செய்பவருக்கே சொந்தமாகவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. தடையாக நின்றது சட்டமல்ல, முதல். பழைய ஆலை நின்றிருந்தால் திருத்தி ஓட்டலாம். வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டப் பல நூறு மில்லியன் யூரோ வேண்டும். போதுமான கமக்காரர் கையெழுத்திடாமல் வங்கி கடன் தராது. ஆலை வருவது நிச்சயமாகாமல் கமக்காரர் இயந்திரம் வாங்க மாட்டார்.

விலையும் துணை செய்யவில்லை. கோட்டா நீங்கியதும் ஏனைய நாடுகள் அதிகமாக விதைத்தன. 2019 தொடக்கத்தில் ஐரோப்பாவில் சீனி தொன்னுக்கு ஏறத்தாழ 320 யூரோ. அந்த விலையில் பழைய ஆலைகளே திணறின, புதியது கடனைக் கட்டியிருக்காது. 2023இல் அதே சீனி 800 யூரோவைக் கடந்தது. அப்போது ஆலை வைத்திருந்தவர் நல்ல இலாபம் கண்டார். இந்த ஏற்ற இறக்கத்தில் வாங்குபவராக மட்டும் நிற்கிறது அயர்லாந்து. பிஸ்கற் செய்வோரும் பானம் செய்வோரும் வீட்டுக்காரரும் அந்தந்த ஆண்டின் விலையைக் கொடுக்கின்றனர்.

இன்றுவரை புதிய ஆலை எழவில்லை. ஆயினும் மார்ச், ஏப்ரலில் தெற்கு அயர்லாந்தின் சில வயல்களில் பீட் விதைக்கிறார்கள். அது தீவன பீட். கிழங்கு பெரியது, சீனி குறைவு. குளிர்காலத்தில் கிளப்பி, மண் தட்டி, அயல் பண்ணைகளுக்கு மாட்டுக்கு விற்கிறார்கள்.